அட்டெனோலாலும் அம்லோடிபினும்: பி.பி. ஒன்று, ரத்த ஓட்டம் வேறு

மதுரை வட்டாரத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் முதல் தெருமுனை மருந்துக்கடை வரை பி.பி. மாத்திரை என்றால் பலருக்கும் தெரிந்த பெயர்கள் அட்டெனோலால், அம்லோடிபின் ஆகிய இரண்டும். கையில் பட்டை கட்டிப் பார்க்கும் அளவை இரண்டுமே இறக்கும். இறக்கும் வழிதான் வேறு.

பீட்டா தடுப்பான் வகையைச் சேர்ந்த அட்டெனோலால், அட்ரினலின் இதயத்தைத் தூண்டுவதைத் தடுக்கிறது. துடிப்பு மெதுவாகி, சுருங்கும் வேகம் தணிந்து, இதயம் நிமிடத்துக்கு வெளியேற்றும் ரத்தம் குறைகிறது. ரத்த அழுத்தத்தை ஏற்றும் வேலையைத் தொடங்கிவைக்க சிறுநீரகம் சுரக்கும் ரெனினும் குறைகிறது. ரத்தக் குழாய்களோ விரிவதில்லை, தொடக்கத்தில் சற்று இறுகவும் செய்யும். மார்கழியில் விடியுமுன்னே மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு வந்து ஈர மல்லிகையைச் சரம் தொடுப்பவர், விரல் நுனி சில்லிட்டு மரத்துப்போகிறது என்று சொன்னால், பனியோடு இந்த மாத்திரையையும் சந்தேகிக்க வேண்டும். நெபிவோலால் போன்ற புதிய பீட்டா தடுப்பான்கள் குழாயையும் தளர்த்துவதால் இத்தொல்லை குறைவு.

அம்லோடிபின், சிறு தமனிகளின் தசைக்குள் கால்சியம் புகுவதைத் தடுத்து அவற்றை விரிக்கிறது. சிரைகள் அதே அளவு விரியாததால் நுண்குழாய்களில் அழுத்தம் கூடி நீர் கசிகிறது. மாலை முழுவதும் கல்லின் முன் நிற்கும் பரோட்டா மாஸ்டருக்கு இரவில் கணுக்கால் வீங்குவது இதனால்தான். இந்த வீக்கத்துக்கு நீர் பிரியும் மாத்திரை அதிகம் உதவாது. அளவைக் குறைப்பதோ மருந்தை மாற்றுவதோ மருத்துவரின் முடிவு.

அட்டெனோலால் அடிப்படையிலான சிகிச்சையையும் அம்லோடிபின் அடிப்படையிலான சிகிச்சையையும் ஒப்பிட்டு 2006இல் வெளியான கஃபே (CAFE) ஆய்வு இங்கே முக்கியமானது. கையில் எடுத்த அளவு இரு தரப்பிலும் ஏறத்தாழச் சமமாக இருந்தும், இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாயான மகாதமனிக்குள் இதயம் சுருங்கும்போது இருக்கும் அழுத்தம், அட்டெனோலால் அடிப்படையிலான சிகிச்சை பெற்றோருக்குச் சுமார் 4 மி.மீ. கூடுதலாக இருந்தது. துடிப்பு மெதுவாகும்போது இதயம் ரத்தத்தைத் தள்ளும் நேரம் நீள்வதால், உடலின் ஓரங்களில் மோதித் திரும்பும் அலை அந்த நேரத்துக்குள்ளேயே வந்து சேர்ந்துவிடுகிறது. பக்கவாதத்தைத் தடுப்பதில் அட்டெனோலால் பின்தங்குவதற்கு இது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

ஆகவே வேறு இதயக் கோளாறு இல்லாதவருக்கு முதல் மாத்திரையாக அம்லோடிபினே மேல் என்பது என் கணிப்பு. மாரடைப்பு கண்டவருக்கும், நடந்தால் நெஞ்சு வலிப்பவருக்கும் பீட்டா தடுப்பானின் இடம் வேறு. ஆஸ்துமா உள்ளவர் அதைத் தவிர்ப்பதே நல்லது. சித்திரைத் திருவிழாவுக்கு ஊருக்கு வரும் அவசரத்தில் அட்டெனோலால் மாத்திரை அட்டையை மறந்துவிட்டால், திரும்பும்வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. திடீரென நிறுத்தினால் துடிப்பு எகிறும், இதய நோய் உள்ளவருக்கு நெஞ்சுவலியும் மாரடைப்பும் வரக்கூடும்.