"போர்டு போச்சு" என்று சொன்னதும் பணத்தை எடுக்காதீர்கள்

ஒரு வீட்டில், தண்ணீரையும் அறைகளையும் சூடாக்கும் கேஸ் பாய்லர் பற்றும், நாலைந்து நொடியில் அணையும், மூன்று முறை முயன்றுவிட்டு லாக் ஆகி நின்றுவிடும். வந்த மெக்கானிக் கவரைக் கழற்றினார், மின்சாரம் அளக்கும் மீட்டரைத் தொடக்கூட இல்லை, "போர்டு போச்சு" என்றார். பாய்லரை இயக்கும் எலக்ட்ரானிக் பலகையைத்தான் போர்டு என்கிறார்கள். புது போர்டு மாட்டி முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போனார். இரண்டு நாள் கழித்து அதே கோளாறு. கேட்டால், மாட்டிய எலக்ட்ரிக் சாமானைத் திருப்பி எடுக்கமாட்டார்களாம்.

போர்டில் ஒரு கோளாறும் இல்லை. தீ எரிகிறதா என்பதை எலக்ட்ரோடு (தீயில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி) வழியாகத் தீக்குள் பாயும் சில மைக்ரோ ஆம்பியர் மின்சாரத்தை வைத்துத்தான் போர்டு தெரிந்துகொள்கிறது. இங்கே எலக்ட்ரோடு முனையில் வெள்ளைப் படிவு, வயர் கிளிப்பில் கறுப்பு. மின்சாரம் குறைந்தது, தீ இல்லையென்று போர்டு கேஸை மூடியது. அதன் வேலையை அது சரியாகவே செய்தது. கிளிப்பைக் கழற்றி மாட்டியதில் கொஞ்சம் தொடர்பு கிடைத்து இரண்டு நாள் ஓடியது, அவ்வளவுதான். எர்த் சரியில்லாவிட்டாலும், எலக்ட்ரோடைச் சுற்றியுள்ள பீங்கான் விரிசல் விட்டாலும், சில மாடல்களில் ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருந்தாலும் இதே அறிகுறிதான்.

போர்டு உண்மையிலேயே எரிந்திருந்தால், எரித்தது எது என்று கேளுங்கள். பம்போ ஃபேனோ ஷார்ட் ஆகியிருந்தால் புது போர்டும் போய்விடும். மேலிருந்து தண்ணீர் சொட்டிய பழுப்புத் தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வெப்பநிலை சென்சாரையும் அளக்கச் சொல்லுங்கள்: பெரும்பாலானவை 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டும், சூடு ஏற ஏறக் குறையும்.

இதைவிட ஆபத்தானது, செட்டிங் செய்யாமல் விட்டுப் போவது. ஒரே ஸ்பேர் போர்டு பல மாடல்களுக்குப் பொதுவாக வரும். இயற்கை எரிவாயுவா எல்பிஜியா, எந்த மாடல், எத்தனை கிலோவாட் என்பதையெல்லாம் ஜம்பரிலோ (போர்டின் ஊசிகளில் செருகும் சின்ன இணைப்பு) மெனுவிலோ சொல்ல வேண்டும். பழைய வகைகளில் பற்றவைக்கும் கேஸ் அளவுக்கென்று சின்னத் திருகு ஒன்று இருக்கும். அது கூடுதலாக நின்றால் 'டம்' என்ற சத்தத்தோடு பற்றும். கேஸ் வால்வின் குறைந்தபட்ச, அதிகபட்ச அழுத்தத்தைக் கேஜ் மாட்டிப் பார்க்க வேண்டும். புகையில் போகும் சூட்டையும் பிடித்துப் பயன்படுத்தும் கண்டென்சிங் பாய்லர் என்றால் புகையை அனலைசரில் அளந்தே தீரவேண்டும். கலவை தவறினால் கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தயவுசெய்து இதை நீங்களே திருகிப் பார்க்காதீர்கள், கேஸ் உரிமம் உள்ளவர் மட்டுமே தொட வேண்டும்.

கழற்றும் முன் பழைய போர்டை, ஜம்பர் நிற்கும் இடம் தெரிகிற மாதிரி படம் எடுத்துக்கொள்ளுங்கள். புதியதன் பார்ட் நம்பரைக் கடைசி எழுத்துவரை ஒப்பிடுங்கள். பின்பக்கம் திருப்பினால் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சின்ன சுவிட்ச்) கால்களைச் சுற்றி மஞ்சள் பிசின், திருகு ஓட்டைகளில் கீறல் என்று இருந்தால், புதியது என்ற பெயரில் பழுதுபார்த்ததைத் தருகிறார்களோ என்று சந்தேகப்படுங்கள். எடுத்த அளவுகளை பில்லில் எழுதி வாங்குங்கள். பழைய போர்டை விட்டுக்கொடுக்காதீர்கள். இந்த வீட்டில் "குப்பைதானே" என்று எடுத்துப் போனது நல்ல போர்டு.