பாதி வீடு, பாதி வகுப்பு: யாருக்கு ஒத்துவரும்?

வாரத்தில் மூன்று நாள் பள்ளி, மீதி நாள் வீட்டில் படிப்பு என்று பிள்ளையை வளர்க்க முடியுமா? சென்னையிலும் கோவையிலும் இப்படிக் கேட்கும் பெற்றோரை இப்போது அடிக்கடி பார்க்க முடிகிறது. அமெரிக்காவில் இதற்கென்றே பள்ளிகள் உண்டு. டெக்சாஸில் வாரம் இரண்டு மூன்று நாள் மட்டும் வகுப்பு நடத்தி, மற்ற நாட்களுக்கான பாடத்தைப் பெற்றோரிடம் கொடுத்தனுப்பும் தனியார் பள்ளிகள் 1990-களிலேயே வந்துவிட்டன. நம் ஊரில் அங்கீகாரம் பெற்ற பள்ளியில் இதற்கு இடமில்லை. சி.பி.எஸ்.இ. பொதுத்தேர்வு எழுதவே 75 சதவீத வருகைப்பதிவு வேண்டும். ஆகவே இங்கே "பாதிப் பாதி" என்றால், காலையில் சில மணி நேரமோ வாரத்தில் சில நாட்களோ நடக்கும், அங்கீகாரம் இல்லாத தனியார் கற்றல் மையம் ஒன்றும், அதோடு வீடும்தான்.

ஒரு பக்கம் முழு வீட்டுக்கல்வி, இன்னொரு பக்கம் வழக்கமான பள்ளி, நடுவில் இந்தக் கலவை. மூன்றில் வழக்கமான பள்ளியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளை அழாமல் போய் வருகிறது, ஃபீஸ் கட்ட முடிகிறது என்றால் அதைக் கலைக்க வேண்டிய அவசியமே இல்லை. கலவையை நாடுவோர் பெரும்பாலும் முழு வீட்டுக்கல்விக்குப் பயந்துதான் அங்கே வருகிறார்கள். அதனால் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் பயனுள்ள வேலை.

முதலில் சட்டம். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்கு அதில் தண்டனை எதுவும் இல்லை. ஆனால் அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்துபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. தொடர்ந்து நடத்தினால் நாளொன்றுக்குப் பத்தாயிரம். அதாவது, வீட்டிலேயே படிக்க வைக்கும் குடும்பத்தை விடக் கலவையில் இருக்கும் குடும்பம்தான் சட்டத்தின் பார்வையில் பலவீனமான கிளையில் உட்கார்ந்திருக்கிறது. நோட்டீஸ் வந்தால் அது மையத்துக்குத்தான் வரும், ஆனால் ஆண்டு நடுவில் பூட்டிய கதவின் முன் நிற்பது நம் பிள்ளை. எனவே மையத்தைப் பார்க்கப் போகும்போது "டி.சி. தருவீர்களா?" என்று கேளுங்கள். "தர மாட்டோம், நாங்கள் பள்ளி இல்லை" என்பது நேர்மையான பதில். "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் சார்" என்றால் அந்த டி.சி. எந்தப் பள்ளியின் பெயரில் வரும் என்று விசாரித்துவிட்டுப் பேசுங்கள்.

அடுத்தது தேர்வு. இதில் இரண்டு வழிக்கும் பெரிய வேறுபாடு இல்லை. பெரும்பாலானோர் போய்ச் சேருமிடம் என்.ஐ.ஓ.எஸ். எனும் தேசிய திறந்தநிலைப் பள்ளிதான். பத்தாம் வகுப்புக்கு 14 வயது நிறைந்திருக்க வேண்டும். ஒரு மொழிப்பாடத்தோடு குறைந்தது ஐந்து பாடம். ஆண்டுக்கு இருமுறை தேர்வு. பதிவு ஐந்து ஆண்டு செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்பு. கணக்கை இந்த முறையும் அறிவியலை அடுத்த முறையும் எழுதிக்கொள்ளலாம் என்பது பதற்றக்காரப் பிள்ளைகளுக்குப் பெரிய விடுதலை. தேர்வுக் கட்டணமும் தனியார் பள்ளி ஃபீஸோடு பார்த்தால் ஒன்றுமேயில்லை. கேம்பிரிட்ஜ் தேர்வு வேண்டும் என்பவர்கள் தனித்தேர்வராகச் சேர்த்துக்கொள்ளும் பள்ளியைத் தாங்களே தேட வேண்டும். செலவும் பல மடங்கு. ஒப்படைப்புகளைக் கெடுவுக்குள் அனுப்புவது, செய்முறைத் தேர்வுக்கு அலைவது ஆகியவற்றை நல்ல மையம் தன் தலையில் போட்டுக்கொள்ளும். முழு வீட்டுக்கல்வியில் அது அம்மா தலையில்தான் விழும். (அப்பா தலையில் விழுந்த குடும்பங்களும் உண்டு, விரல் விட்டு எண்ணலாம்.)

அப்படியென்றால் மையத்துக்குக் கட்டும் பணம் எதற்கு? பாடத்துக்கு என்று நினைத்தால் ஏமாற்றம்தான். பன்னிரண்டு வயது வரைக்கும் பாடத்தை வீட்டில் ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம். வீட்டால் தர முடியாதது வேறு: சண்டை போட்டுச் சமாதானமாக அதே நான்கைந்து பிள்ளைகள், அம்மா அப்பா அல்லாத ஒரு பெரியவரின் சொல்லுக்குக் கட்டுப்படும் பழக்கம், தச்சு மேசை, மட்பாண்டம், நாடகம் போன்றவற்றுக்கு இடம். இதெல்லாம் அண்ணன் தம்பிகளோடும் தெருப் பிள்ளைகளோடும் வளரும் பிள்ளைக்குத் தானாகவே கிடைத்துவிடும். அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒற்றைப் பிள்ளையாக இருந்தால் கிடைக்காது. என்னைக் கேட்டால், கலவை வேண்டுமா என்பதை முடிவு செய்ய இந்த ஒரு கேள்வியே போதும்.

செலவுக் கணக்கில் மையத்தின் ஃபீஸை மட்டும் எழுதுகிறவர்கள் பெரிய தொகையை விட்டுவிடுகிறார்கள். மதியம் பன்னிரண்டரைக்கு முடியும் மையம் என்றால், வேலைக்குப் போகும் இருவரில் ஒருவர் நின்றுவிட வேண்டும், அல்லது பாட்டி தாத்தா வீட்டில் இருக்க வேண்டும். ஓ.எம்.ஆரில் குடியிருந்துகொண்டு அடையாறு பக்கம் மையம் தேடினால் காலையும் மதியமும் வண்டியிலேயே போய்விடும். முழு வீட்டுக்கல்வியில் இந்த அலைச்சல் இல்லை, நேரத்தை வேலைக்கு ஏற்ப வளைத்துக்கொள்ளலாம். இந்த விஷயத்தில் முழு வீடே மேல். பள்ளி ஃபீஸுக்கு நிகராக வாங்கிக்கொண்டு பாதி நாள் மட்டும் நடத்தும் மையங்களும் இருக்கின்றன. அவற்றுக்குப் போவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

தமிழ் விஷயத்திலும் கவனம் வேண்டும். பள்ளிகளில் தமிழைக் கட்டாயமாக்கிய 2006-ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுக்குள் வராது. மையங்களில் பேச்சும் படிப்பும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடக்கின்றன. வீட்டில் யாராவது உட்கார்ந்து படிக்க வைத்தால்தான் உண்டு. என்.ஐ.ஓ.எஸ்.ஸில் தமிழை மொழிப்பாடமாக எடுக்கலாம், எடுக்கச் சொல்வேன்.

பின்னால் கதவுகள் அடைபடுமா என்ற பயத்துக்குப் பாதிதான் காரணம் இருக்கிறது. திறந்தநிலைப் பள்ளி மாணவர்களை நீட் தேர்விலிருந்து விலக்கிய விதியை 2018-இல் தில்லி உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. 2024-இல் உச்ச நீதிமன்றத்திலும் அந்தச் சிக்கல் தீர்ந்தது. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் எட்டு முதல் பன்னிரண்டு வரை இங்கே படித்ததைக் காட்ட முடியாவிட்டால் இருப்பிடச் சான்றிதழ் கேட்பார்கள், அதை முன்கூட்டியே வாங்கி வைக்கலாம். அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தோருக்கான 20 சதவீத முன்னுரிமை மட்டும் கைநழுவும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே பள்ளிச் சான்று வேண்டும்.

உண்மையான கெடு எட்டாம் வகுப்பு வயது. அதுவரை, பள்ளிக்கே போகாத பிள்ளையையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சட்டம் வழி செய்கிறது. தனியார் பள்ளி முகம் சுளித்தாலும் அரசுப் பள்ளியில் சேர்க்கலாம். ஒன்பதாம் வகுப்பில் பொதுத்தேர்வுக்கான பதிவு தொடங்கிவிடுவதால் அதற்குப் பிறகு திரும்புவது கடினம். இருக்கட்டும் என்று தள்ளிப்போட்டால் போலிப் பள்ளிதான் மிஞ்சும்: பெயர் அங்கே, பிள்ளை வேறெங்கோ. 2024-இல் தில்லியிலும் ராஜஸ்தானிலும் இப்படிச் செய்த பள்ளிகளின் இணைப்பை சி.பி.எஸ்.இ. ரத்து செய்தது. அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்குள் இருக்கும் ஒற்றைப் பிள்ளை, பகலில் வீட்டில் ஒருவர், அரை மணி தூரத்தில் மையம் என்று மூன்றும் அமைந்தால் கலவைக்கே என் ஓட்டு. இரண்டு மூன்று பிள்ளைகள் இருந்தால் முழு வீடு போதும். பதின்மூன்றை நெருங்கியவருக்கு, நேராக என்.ஐ.ஓ.எஸ். அல்லது பள்ளி. மையம்தான் என்று முடிவு செய்தால் ஃபீஸை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டுங்கள். ஆண்டு நடுவில் மையம் நின்றுபோனால் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் வாங்கிவிட்டு முதல் தவணையைக் கொடுங்கள்.