15 லட்சமா, 115200-ஆ? ராக்சிப் போர்டில் சீரியல் வேகத்தை எந்தப் பக்கம் மாற்றுவது

ராஸ்பெரி பை, பீகிள்போன் பிளாக் என்று சிறு கணினிப் போர்டுகளில் பழகியவர்களுக்கு சீரியல் கன்சோல் (போர்டு அச்சிடும் வரிகளை வயர் வழியாகக் கணினியில் பார்க்கும் வழி) என்றாலே வேகம் வினாடிக்கு 115200 பிட்தான். அதே நினைப்பில் ராக்சிப் நிறுவனத்தின் ஆர்கே3588 சிப் உள்ள ராக் 5பி போர்டில் வயரை மாட்டினால், திரை முழுக்கக் கேள்விக்குறிகளும் புரியாத குறிகளும் ஓடும். போர்டு நன்றாகத்தான் இருக்கிறது. அது பேசும் வேகம் 15,00,000. ராக்சிப்பில் சீரியல் போர்ட்டுக்கு வரும் கடிகாரம் 24 மெகாஹெர்ட்ஸ். அதை 16-ஆல் வகுத்தால் மிச்சமில்லாமல் 15 லட்சம் வருகிறது.

இதற்கு இரண்டு வழி. போர்டை அப்படியே விட்டுவிட்டு, சீரியல் வயரைக் கணினியின் யுஎஸ்பியில் சேர்க்கும் அடாப்டரை, அந்த வேகத்தை எட்டுவதாகப் பார்த்து வாங்கலாம். இல்லையென்றால் கையில் உள்ள அடாப்டருக்காகப் போர்டை 115200-க்கு இறக்கலாம்.

இறக்குவது காசில்லாத வேலை போலத் தெரியும். ஆனால் வேகம் ஒரே இடத்தில் எழுதப்பட்டிருப்பதில்லை. ரேமைத் தயார் செய்யும் ராக்சிப்பின் பைனரிக்கு ஒன்று, அடுத்து ஓடி கர்னலை ஏற்றும் யு-பூட்டுக்கு ஒன்று, லினக்ஸின் மையமான கர்னலுக்கு ஒன்று. கர்னலுக்குப் பல நேரம் பூட் வரியில் (தொடங்கும்போது அதற்குத் தரும் அமைப்பு வரி) மாற்றினால் போதும். யு-பூட்டை அமைப்பில் திருத்தி மறுபடி கம்பைல் செய்யவேண்டும். ரேம் பைனரிக்கு ராக்சிப் தரும் தனிக் கருவியைத் தேடிப் பிடிக்கவேண்டும். ஒன்றை விட்டாலும் லாக் (போர்டு அச்சிடும் வரிகள்) ஒழுங்காக வந்துகொண்டிருந்து நடுவில் குப்பையாகிவிடும். கர்னல் தொடங்குகிறது என்று யு-பூட் சொல்லும் வரிக்கு அப்புறம் குழம்பினால், முதலில் கர்னலின் மதிப்பைப் பாருங்கள்.

115200 இந்தச் சிப்புக்கு ஒத்துவராது என்று சிலர் சொல்வது சரியல்ல. அந்த 15 லட்சத்தை 13-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 115385 கிடைக்கும்; பிழை 0.16 சதவீதம்தான், எந்த அடாப்டரும் தாங்கும். என் தயக்கம் வேறு. போர்டு எழும்பாமல் கிடக்கும்போது நமக்கு வேண்டியது ரேம் பைனரி அச்சிடும் முதல் சில வரிகள். போர்டில் புது இமேஜை (இயங்குதளக் கோப்பை) எழுதிய மறுநிமிடம் அவை திரும்ப 15 லட்சத்துக்குப் போய்விடும். மிகவும் தேவைப்படும் நேரத்தில் கண்ணைக் கட்டியதுபோல் ஆகிவிடும். அதனால் நான் அடாப்டரை மாற்றும் பக்கம்.

எந்த அடாப்டர்? எஃப்டி232ஆர் சிப் 30 லட்சம் வரை போகும், சிஎச்340 20 லட்சம் வரை. எங்கும் மலிவாகக் கிடைக்கும் பழைய சிபி2102-க்கு எல்லை 10 லட்சம். அங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பெயரின் கடைசியில் ‘என்’ சேர்ந்த சிபி2102என் 30 லட்சம் தாங்கும். அடாப்டரின் டிஎக்ஸ் (அனுப்பும் முனை), ஆர்எக்ஸ் (வாங்கும் முனை) இரண்டையும் ஒன்றாக இணைத்து, தட்டியது திரும்பி வருகிறது என்று நிம்மதி அடையவேண்டாம். வேகம் தவறாக இருந்தாலும் அனுப்புவதும் வாங்குவதும் ஒரே சிப் என்பதால் எழுத்து சரியாகவே வரும். அந்தச் சோதனை வயரையும் டிரைவரையும் மட்டுமே காட்டும்.

115200-க்கு இறக்குவது நியாயமான இடமும் உண்டு. 15 லட்சத்தில் ஒரு பிட் 0.67 மைக்ரோவினாடிதான் நிற்கும், 115200-இல் 8.7. மோட்டார் ஓடும் பெட்டிக்குள் நீளமான வயர் இழுத்திருந்தால் மெதுவான வேகமே பத்திரம். பதிலுக்குப் பூட் கொஞ்சம் இழுக்கும்: 50 கிலோபைட் லாக், 15 லட்சத்தில் மூன்றில் ஒரு வினாடி, 115200-இல் நான்கு வினாடிக்கு மேல்.

எதைத் தேர்ந்தாலும், திரையில் ஒன்றுமே வரவில்லை என்றால் வேகத்தைத் தொடாதீர்கள். ஒன்றின் டிஎக்ஸ் மற்றதன் ஆர்எக்ஸில் போயிருக்கிறதா, கிரவுண்ட் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். எழுத்து தெளிவாக வந்து, தட்டுவது மட்டும் ஏறவில்லை என்றால் மினிகாமில் (கணினியில் கன்சோலைக் காட்டும் நிரல்) ஹார்டுவேர் ஃப்ளோ கன்ட்ரோல் என்ற அமைப்பை அணையுங்கள். அடாப்டரின் ஜம்பர் 5 வோல்ட்டில் இல்லாமல் 3.3-இல் இருப்பதை வயரை மாட்டும் முன்பே பார்த்துவிடுங்கள்.