பழைய கல்யாண டிவிடி: பெயர் வரிசையா, எண் வரிசையா?

குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், தக்கலைப் பக்கம் பழைய ஸ்டுடியோக்களில் அலமாரி நிறைய டிவிடி. பத்து வருடம் கழித்தும் காப்பி கேட்டு வருவார்கள்.

தேடுவது
பெயர்: கை நேராகப் போகும். ஒரே ஊரில் நாலு ‘ஜெபா’ இருந்தால் வீட்டுப்பெயர், சர்ச், மண்டபம் எல்லாம் விசாரிக்கணும்.
எண்: ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு எண், அதன் விவரம் எக்செல் பட்டியலில்; முதலில் அதில் பார்க்கணும். மணமகள் பெயர், தேதி, செல் நம்பர் எதை வைத்தும் பிடிக்கலாம்.

புதிதாகச் சேர்ப்பது
பெயர்: நடுவில் செருகணும், பவுச் ஆல்பம் (டிஸ்க் செருகும் உறைகள் உள்ள ஆல்பம்) என்றால் பின்னால் இருப்பதெல்லாம் நகரும். பெரிய தலைவலி.
எண்: கடைசியில் வைத்தால் போதும்.

தொலைந்தால்
பெயர்: தெரியவே தெரியாது.
எண்: 2014-037-2/3 (ஆண்டு, வேலை எண், மூன்றில் இரண்டாவது) இல்லையென்றால் காலி பவுச்சே காட்டிக்கொடுக்கும். ஆனால் எக்செல் ஃபைல் போனால் கண்ணைக் கட்டிய மாதிரிதான்; பிரிண்ட் எடுத்துப் பெட்டி மூடியில் ஒட்டுங்கள்.

எதுவானாலும் நடுத்துளையைச் சுற்றியுள்ள கண்ணாடி மாதிரித் தெளிவான வளையத்தில், டிஸ்க் மார்க்கரால் எழுதுங்கள். ஸ்டிக்கர் வேண்டாம்: சுழலும்போது சமநிலை கெடும், நம்மூர் இரண்டு பருவமழைக்கும் ஓரம் பெயரும்.

நூறு, நூற்றைம்பது டிஸ்க், தேடுவதும் ஒரே ஆள் என்றால் பெயர். அதற்கு மேல், அல்லது கடைப் பையன் எடுத்துத் தரணும் என்றால் எண்தான்.