லேசிக் செய்த கண்ணுக்குக் கண்புரை லென்ஸ்: மோனோஃபோகலா, ஈடாஃபா, ட்ரைஃபோகலா?

2000ஐ ஒட்டிய வருடங்களில் பெங்களூருக்கு ஐடி வேலைக்கு வந்து, கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் லேசிக் (கருவிழியை லேசரால் செதுக்கிப் பவரைச் சரிசெய்யும் சிகிச்சை) செய்துகொண்டு கண்ணாடியைத் தூக்கிப் போட்ட நம்ம ஆட்களில் பலருக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது, கண்புரையும் எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. புரையேறிய லென்ஸை எடுத்துவிட்டு உள்ளே வைக்கிற செயற்கை லென்ஸுக்கு ஆஸ்பத்திரியில் கவுன்சலர் ஒரு விலைப்பட்டியலை நீட்டுவார். ஒரே தூரத்துக்குக் குவியும் சாதா மோனோஃபோகல் அடியில், மூன்று தூரத்துக்கும் குவியும் ட்ரைஃபோகல் உச்சியில், விலை ஏற ஏற கண்ணாடியே வேண்டாம் என்ற வாக்குறுதியும் ஏறும். லேசர் படாத கண்ணுக்கு அந்த வரிசை ஓரளவு சரி. லேசிக் செய்த கண்ணுக்குப் பல நேரம் அதைக் கீழிருந்து படிப்பதுதான் நல்லது என்பது என் கட்சி.

காரணம் பவர் கணக்கில் இருக்கிறது. மைனஸ் பவருக்கு லேசிக் செய்தபோது கருவிழியின் நடுப்பகுதியை லேசர் தட்டையாக்கியது. கருவிழியின் வளைவை அளக்கும் வழக்கமான கெரட்டோமீட்டர் நடுமையத்தை விட்டுச் சற்றுத் தள்ளி அளக்கும். அதோடு முன்பக்க வளைவை வைத்துப் பின்பக்கத்தை ஊகித்துக்கொள்ளும். லேசர் செதுக்கியது முன்பக்கத்தை மட்டும் என்பதால் அந்த ஊகம் பொய்த்து, கருவிழியின் பவர் கூடுதலாகத் தெரிந்து, அதை நம்பி வைக்கிற லென்ஸ் பவர் குறைந்துபோய், கடைசியில் ப்ளஸ் பவரில் போய் நிற்பீர்கள். தூரமும் தெளிவில்லை, கிட்டவும் தெளிவில்லை. ப்ளஸ் பவருக்கு லேசிக் செய்தவர்களுக்கு இதே பிசகு எதிர்த்திசையில் வரும். பாரெட் ட்ரூ-கே, ஹைகிஸ்-எல் மாதிரி இதற்கென்றே வந்த சூத்திரங்கள் நிலைமையை நிறையத் தேற்றியிருக்கின்றன, ஆனாலும் லேசர் படாத கண்ணில் கிடைக்கும் துல்லியம் இங்கே கிடைப்பதில்லை. அதனால் எந்த லென்ஸைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது, கணக்கு அரை டயாப்டர் (கண்ணாடிப் பவரில் 0.5) தவறினால் இது தாங்குமா என்பதைத்தான்.

ட்ரைஃபோகல் தாங்காது. பான்ஆப்டிக்ஸ் போன்றவை உள்ளே வரும் ஒளியைத் தூரம், கணினி, படிப்பு என்று பங்கு போடுகின்றன. பவர் கொஞ்சம் பிசகினாலும் மூன்றும் சேர்ந்து மங்கும். லேசிக் செய்த கருவிழியில் ஏற்கெனவே பிறழ்ச்சிகள் (ஒளி ஒழுங்காகக் குவியாத குறைகள்) கூடுதலாக இருப்பதால் கான்ட்ராஸ்ட் இன்னும் இறங்கும், விளக்குகளைச் சுற்றி வட்டம் தெரியும். வெள்ளிக்கிழமை ராத்திரி ஓசூர் வழியாகக் கிருஷ்ணகிரி, சேலம் என்று வண்டி ஓட்டுகிறவர், எதிரே ஹைபீம் போட்டு வரும் லாரிகளை நினைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். பழைய மைனஸ் பவர் குறைவு, லேசர் சரியாக நடுவில் விழுந்திருக்கிறது, கருவிழியின் மேற்பரப்பைக் காட்டும் டோப்போகிராஃபி படம் ஒழுங்காக இருக்கிறது, கண் வறட்சி இல்லை, ராத்திரி வண்டியும் ஓட்டுவதில்லை என்றால் யோசிக்கலாம். அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள்.

தெளிவாகத் தெரியும் தூரத்தை நீட்டும் ஈடாஃப் வகை நடுவில் நிற்கிறது. அதில் ஒன்றான விவிட்டி ஒளியைப் பங்கு போடாமல், குவியும் இடத்தை நீட்டிவிடுகிறது, அதனால் சின்னப் பிசகை ஓரளவு பொறுத்துக்கொள்ளும், ஒளிவட்டத் தொல்லையும் ட்ரைஃபோகலைவிடக் குறைவு. பகல் முழுக்க மானிட்டர் முன்னால் இருப்பவருக்கு நல்ல சமரசம். மருந்துச் சீட்டின் பொடி எழுத்துக்குக் கண்ணாடி தேவைப்படும். ஆனால் ஈடாஃப் என்ற பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், சிம்ஃபனியும் ஈடாஃப்தான், அது நுண்ணிய வளையங்களால் ஒளியைப் பிரிக்கும் டிஃப்ராக்டிவ் வகை, ராத்திரி வெளிச்சச் சிதறல் அதில் கூடுதல். ஐஹான்ஸ் இன்னும் கீழே, கிட்டத்தட்ட மோனோஃபோகல்தான், கணினித் தூரத்தில் கொஞ்சம் கைகொடுக்கும்.

என் ஓட்டு மோனோஃபோகலுக்கு. அதிலும் தேர்வு உண்டு, இதைக் கவுன்சலர் அநேகமாகச் சொல்ல மாட்டார். மைனஸுக்குச் செய்த லேசிக் கருவிழியில் நேர்மறைக் கோளப் பிறழ்ச்சியை (ஓரத்தில் புகும் ஒளி நடு ஒளிக்கு முன்பே குவிவதை) ஏற்றிவிடுகிறது. டெக்னிஸ் வகை லென்ஸில் எதிர்த்திசைப் பிறழ்ச்சி −0.27 மைக்ரான் இருப்பதால் அதில் கொஞ்சத்தைக் கழித்துக்கொள்ளும். ப்ளஸுக்குச் செய்தவர்களுக்கு இதே லென்ஸ் கெடுதல், பிறழ்ச்சியே சேர்க்காத வகை பொருந்தும். ஓங்கிய கண்ணை (மூளை அதிகம் நம்பும் கண்ணை) தூரத்துக்கும் மற்றதைச் சுமார் −1.25 வைத்துக் கிட்டத்துக்கும் விட்டால் வீட்டுக்குள் கண்ணாடி இல்லாமலே பெரும்பாலும் ஓட்டிவிடலாம். சிலருக்கு இந்த ஏற்பாடு ஒத்துவராது, முடிந்தால் கான்டாக்ட் லென்ஸ் போட்டு முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், விலை குறைந்தால் மட்டம் என்று நினைக்க வேண்டாம், லென்ஸ் தயாரிக்கும் மதுரை ஆரோலேப் 1992 முதல் லென்ஸ் விலையைத் தரையிறக்கிய கதை நமக்குத் தெரியும்.

வைத்த பிறகு புற ஊதா ஒளியால் பவரைத் திருத்தும் லைட் அட்ஜஸ்டபிள் லென்ஸுக்கு அமெரிக்காவில் 2017ல் அனுமதி கிடைத்தது, லேசிக் கண்ணின் சிக்கலுக்கு நேரான பதில் அதுதான். திருத்தங்கள் முடியும் வரை புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி போட்டே ஆக வேண்டும்.

எதை எடுத்தாலும், லேசிக் செய்ததை மறைக்காமல் சொல்லுங்கள், அதற்கு முந்தைய கண்ணாடிச் சீட்டு பீரோவில் கிடந்தால் கொண்டுபோங்கள். இரண்டு கண்ணையும் அடுத்தடுத்த நாளில் முடித்துவிடலாம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். முதல் கண் நிலைபெற்று எவ்வளவு பிசகியது என்று தெரிந்தால் இரண்டாவதின் கணக்கை அதற்கேற்பத் திருத்தலாம். லென்ஸ் பிடிக்கவில்லை, மாற்றலாமா என்ற யோசனை இருக்கும்வரை யாக் லேசர் (லென்ஸுக்குப் பின்னாலிருக்கும் சவ்வு மங்கினால் அதைத் திறக்கும் சிகிச்சை) செய்ய விடாதீர்கள், அந்தச் சவ்வைத் திறந்துவிட்டால் லென்ஸை எடுப்பது சிக்கலாகிவிடும்.