78 சதவீத வாய்ப்பு என்று சொல்லி 85,000 ரூபாய் வாங்கிவிட்டார்கள்: வடசென்னைப் பெற்றோர்களே, எச்சரிக்கை

பணம் போய்விட்டது. 85,000 ரூபாய். இன்று மாலையும் அந்த ஆலோசனை நிறுவனத்தின் அலுவலகத்திலிருந்து வெறுங்கையோடுதான் திரும்பி வந்தோம். வயிற்றெரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். திருவொற்றியூர், எர்ணாவூர், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகத்தில் உங்கள் பிள்ளைக்கு இத்தனை சதவீதம் வாய்ப்பு இருக்கிறது என்று எவராவது எண்ணைக் காட்டினால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். எதையெதைச் சரிபார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. வழக்கறிஞர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். வெளிநாட்டுப் படிப்புக்கு வழிகாட்டும் ஆலோசனை நிறுவனம் அது. மதிப்பெண்ணையும் மற்ற விவரங்களையும் உள்ளிட்டால் வாய்ப்பைக் கணித்துச் சொல்லும் இணையதளமும் அவர்களுக்கு உண்டு. என் மகன் முதலில் அதில்தான் விழுந்தான். இலவச மதிப்பீடு என்று போட்டிருந்தது. விவரங்களைக் கொடுத்த சிறிது நேரத்திலேயே அலுவலகத்திலிருந்து போன் வந்துவிட்டது.

மகனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பில் 500-க்கு 491. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கொசஸ்தலை ஆற்றில் கலந்து எண்ணூர் முகத்துவாரம் வரை படர்ந்ததே, அப்போது படகுகளும் வலைகளும் கறுத்துப்போனதை நேரில் பார்த்தவன். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் என்று சைக்கிளில் போய்த் தண்ணீர் எடுத்துச் சோதித்து ஒரு கோடு போடாத நோட்டில் குறித்துக்கொண்டே வந்தான். நிறம் மாறும் சோதனைத் தாளைப் பக்கத்துக்குப் பக்கம் ஒட்டி, அருகில் தேதியும் இடமும் அலையேற்றமா இறக்கமா என்பதும் எழுதியிருப்பான். மீன்பிடிக்கும் அண்ணன்கள் சொன்னதையும் அவர்கள் சொன்னபடியே எழுதியிருப்பான். அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வுக்குக் கான் அகாடமி என்ற இணையதளத்தில் இலவசமாகவே படித்து 1600-க்கு 1520 எடுத்தான். பயிற்சிக்கு ஒரு பைசா செலவில்லை.

அந்த அலுவலகத்தில் எங்களைக் கவனித்தவர் கழுத்தில் 'மூத்த ஆலோசகர்' என்று அட்டை தொங்கியது. என் கணவர் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். இரவெல்லாம் எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசையில் நின்றுவிட்டு, குளித்து உடை மாற்றிக்கொண்டு நேராக வந்திருந்தார். குளிரூட்டிய அறையில் தயங்கித் தயங்கிக் கதவோரமே நின்றார். அதைப் பார்த்ததும் அந்த ஆலோசகர் எழுந்து தன் நாற்காலியையே இழுத்துப் போட்டு, "உட்காருங்கள் அப்பா. இப்படி ஒரு பிள்ளையைப் பெற்றவர் நிற்கலாமா?" என்றார். பிறகு மகனின் நோட்டைக் கேட்டு வாங்கினார். அவசரப்படாமல் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஒரு தாளின் மேல் விரலை வைத்து, "இந்த இடத்தில் மட்டும் ஏன் தம்பி நிறம் வேறாக இருக்கிறது?" என்று கேட்டார். மகன் முகம் மலர்ந்து அனல்மின் நிலையச் சாம்பல் குழாய், கடல்நீர் ஏறும் நேரம் என்று விளக்கிக்கொண்டே போனான். எங்கள் சொந்தக்காரர்களில் ஒருவர்கூட அந்த நோட்டை அப்படிப் பார்த்ததில்லை. அந்த ஒரு கேள்விக்குத்தான் நாங்கள் நம்பிக்கையைக் கொடுத்தோம். அந்தக் கேள்வியும் தொழில் தந்திரம்தான் என்பதை நினைக்கும்போது இப்போதும் உடம்பு பதறுகிறது.

நோட்டை மூடி வைத்துவிட்டு மடிக்கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஒரு வளையம். அதில் ஒரு முள். மேலே ஹார்வர்டு என்ற பெயர். "தம்பி தனியாக விண்ணப்பித்தால் 41 சதவீதம். எங்கள் அடிப்படைத் திட்டத்தில் 60. முழுத் திட்டத்தில் பாருங்கள்" என்று ஒரு கட்டத்தைத் தட்டினார். முள் நகர்ந்து பச்சைக்குள் போய் 78-இல் நின்றது. முழுத் திட்டத்துக்குக் கட்டணம் 85,000 ரூபாய். நான் வீட்டில் டியூஷன் எடுத்துக் கட்டிவந்த சீட்டை அந்த மாதமே தள்ளி எடுத்தேன். போதாததற்கு வளையலை அடகு வைத்தேன்.

கட்டணம் ஏற ஏற வாய்ப்பும் ஏறுகிறதென்றால் அந்த எண்ணை எங்கிருந்து எடுக்கிறார்கள்? இப்போது நான் தேடித் தேடிப் படித்ததைச் சொல்கிறேன். 2024-இல் ஹார்வர்டில் சேர விண்ணப்பித்தவர்கள் 54,008 பேர். இடம் கிடைத்தது 1,937 பேருக்கு. நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. அதுவும் அமெரிக்க மாணவர்களையும் சேர்த்த கணக்கு. அந்த இடங்களிலும் அங்கே படித்தவர்களின் பிள்ளைகள், விளையாட்டுக்காக அழைக்கப்படுபவர்கள், பேராசிரியர்களின் பிள்ளைகள், பெரும் நன்கொடையாளர் வீட்டுப் பிள்ளைகள் ஆகியோருக்குத் தனிச் சலுகை உண்டு. 2018-இல் பாஸ்டன் நீதிமன்றத்தில் ஹார்வர்டு மீது நடந்த சேர்க்கை வழக்கில் இவையெல்லாம் வெளியே வந்தன. படிப்பு, மற்ற ஈடுபாடுகள், விளையாட்டு, குணம் என்று ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 6 வரை தரம் போடுகிறார்கள். 1 தான் உயர்ந்தது. பிறகு ஏறத்தாழ 40 பேர் கொண்ட குழு உட்கார்ந்து வாக்கெடுத்து முடிவு செய்கிறது. மதிப்பெண்ணை வைத்து மட்டும் பிரிக்க அவர்களால் முடியாது. அந்த வழக்கில் பேசப்பட்ட ஓர் ஆண்டில் விண்ணப்பித்த அமெரிக்க மாணவர்களில் மட்டும் 3,400 பேர் எஸ்.ஏ.டி. கணிதத்தில் முழு மதிப்பெண். இடமோ மொத்தம் 1,600 சொச்சம். அதனால்தான் கட்டுரையையும் ஆசிரியரின் பரிந்துரைக் கடிதத்தையும் நேர்காணல் குறிப்பையும் படித்துப் பிள்ளை எப்படிப்பட்டவன் என்று பார்க்கிறார்கள். நாற்பது பேர் படித்துப் பேசி முடிவெடுக்க வேண்டியதை ஒரு முள் எப்படிச் சொல்லும்?

மார்ச் கடைசியில் மறுப்பு வந்தது. மகன் ஒன்றும் பேசவில்லை. தன் விண்ணப்பத்தின் கடவுச்சொல்லை மட்டும் கேட்டான். ஆரம்பத்திலிருந்தே அவர்கள் தரவில்லை. "தம்பி தவறுதலாக எதையாவது மாற்றிவிடுவான்" என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். என் கணவர் லாரிக்குப் போகாமல் அவர்கள் வரவேற்பறையில் சாயங்காலம் வரை உட்கார்ந்து வாங்கி வந்தார்.

திறந்து பார்த்தோம். என் மகன் எழுதிய கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. முகத்துவாரம் இல்லை, நோட்டு இல்லை. ஆதரவற்ற குழந்தைகள் 500 பேருக்குக் கணினி கற்றுக்கொடுக்கும் அமைப்பை அவன் நிறுவினான் என்று எழுதியிருக்கிறார்கள். அப்படி ஓர் அமைப்பே கிடையாது. தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'போக்குவரத்துத் தொழிலதிபர்'. அவனுடைய இயற்பியல் ஆசிரியை எங்களிடம் இரண்டு பக்கப் பரிந்துரைக் கடிதம் கைப்பட எழுதிக் காட்டி, "என் மின்னஞ்சலுக்கு இணைப்பு வந்தால் நானே பதிவேற்றிவிடுகிறேன்" என்று சொல்லிக் காத்துக்கொண்டிருந்தார். விண்ணப்பத்தில் அவர் பெயருக்கு நேரே இருக்கும் மின்னஞ்சல் அவருடையதே அல்ல. அவர் பெயரில் புதிதாக ஒரு முகவரி உண்டாக்கி, கடிதத்தையும் இவர்களே எழுதி அனுப்பியிருக்கிறார்கள். டீச்சரிடம் இதை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அதைவிடக் கொடுமை இன்னொன்று. நிதியுதவி கோருகிறீர்களா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று போட்டிருக்கிறார்கள். அங்கே ஓராண்டுச் செலவு 80,000 டாலருக்கு மேல். லாரி ஓட்டும் வீட்டால் முடியுமா? கேட்டால், "உதவி வேண்டாம் என்றால்தான் வாய்ப்பு கூடும் அம்மா" என்றார்கள். முழுப் பொய். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி. போன்ற சில இடங்களில், வெளிநாட்டு மாணவராக இருந்தாலும், பணம் கேட்கிறவரா இல்லையா என்று பார்க்காமல்தான் சேர்க்கையை முடிவு செய்கிறார்கள். இடம் கொடுத்துவிட்டால் குடும்பத்தால் முடியாத செலவை அவர்களே ஏற்கிறார்கள். அதாவது, 78 சதவீதம் என்று சொன்னவர்கள், இடமே கிடைத்திருந்தாலும் அவன் போக முடியாதபடி செய்துவைத்திருக்கிறார்கள்.

இடம் கிடைக்கவில்லை என்பதற்காக நான் கத்தவில்லை. நூற்றுக்கு நான்கு பேர்கூட நுழைய முடியாத இடம், கிடைக்காமல் போவதுதான் இயல்பு. ஆனால் என் மகனை அந்தக் குழு பார்க்கவேயில்லை. அவர்கள் நிராகரித்தது வேறு யாரோ ஒரு கற்பனைப் பையனை. இவனுடைய உழைப்புக்கு ஒரு தடவைகூடத் தீர்ப்பு கிடைக்காமல் செய்துவிட்டார்கள். மற்றப் பல்கலைக்கழகங்களுக்கும் அதே பொய்க் கட்டுரைதான் போயிருக்கிறது. ஜே.இ.இ. எழுதினால் கவனம் சிதறும் என்று அதையும் தடுத்தார்கள். இப்போது பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துப் பொறியியல் கலந்தாய்வுதான் மிச்சம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். முதலில், மேலாளர் கூட்டத்தில் இருக்கிறார். பிறகு, அந்த மூத்த ஆலோசகர் வேலையை விட்டுப் போய்விட்டார். பிறகு, ரசீதைப் பாருங்கள், 'மதிப்பீட்டுக் கட்டணம், திருப்பித் தரப்படாது' என்று இருக்கிறதே. ரசீதின் அடியில் கடுகளவு எழுத்தில் அப்படித்தான் இருக்கிறது. பணம் கட்டும்போது அதன் மேல்தான் முத்திரை குத்திக் கொடுத்தார்கள். இன்று மேலாளரே வந்தார். என் கணவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "78 சதவீதம் என்றால் 22 சதவீதம் கிடைக்காது என்றுதானே அர்த்தம்? உங்கள் பையன் அந்த 22-இல் வந்துவிட்டான்" என்றார். அந்த 85,000 ரூபாய்க்கு எத்தனை இரவு இந்த மனிதர் கண்விழித்திருப்பார் என்று நினைத்தேன். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், மணி ஒன்றாகிவிட்டது, முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன். கடவுச்சொல் பிள்ளையின் கையில்தான் இருக்க வேண்டும். கட்டுரை அவன் எழுதியதாகத்தான் இருக்க வேண்டும். பொய் பிற்பாடு தெரிந்தால் கிடைத்த இடத்தையும் பறித்துவிடுவார்கள். ஆசிரியரின் மின்னஞ்சலை நீங்களே சரிபாருங்கள். நிதியுதவிக் கேள்விக்கு என்ன பதில் போகிறது என்று அனுப்புவதற்கு முன் கண்ணால் பாருங்கள். விண்ணப்பக் கட்டணம் கட்ட முடியாவிட்டால் விலக்குக் கேட்கலாம், கொடுக்கிறார்கள். அண்ணா சாலை அமெரிக்கத் துணைத் தூதரகம் வழியாக 'எஜுகேஷன் யு.எஸ்.ஏ.' என்ற அந்நாட்டு அரசின் ஆலோசனைச் சேவை இருக்கிறது. அங்கே கேளுங்கள். எவருக்கும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள்.

ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். நாங்கள் பேசிவிட்டோம். அடுத்தது நுகர்வோர் ஆணையத்தில் மனு. நாம் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்கலாம். பச்சை வளையமும் முள்ளும் காட்டி உங்களிடமும் பணம் வாங்கியிருந்தால், ரசீதையும் விண்ணப்பத்தின் நகலையும் எடுத்து வைத்துக்கொண்டு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். விண்ணப்பத்தைத் திறந்து, அதில் இருக்கும் ஆசிரியர் மின்னஞ்சல் அவருடையதுதானா என்றும் பார்த்துவிட்டு வாருங்கள், அதுதான் எங்கள் வழக்கறிஞர் முதலில் கேட்கிறார். மனுவைச் சேர்ந்தே கொடுப்போம்.