கோல்டு கார்டும் எகானமி சீட்டும்: புதுச்சேரியிலிருந்து ஐரோப்பா போய்வரும் அனுபவம்

கையில் ஸ்டார் அலையன்ஸ் கோல்டு கார்டு, அதாவது பல விமானக் கம்பெனிகள் சேர்ந்த கூட்டணியில் அடிக்கடி பறப்பவர்களுக்குக் கிடைக்கும் உயர்நிலை அட்டை. டிக்கெட் எப்போதும் எகானமி. சில வருஷங்களாக என் பயணம் இப்படித்தான் போகிறது. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பம்பு, வால்வு செய்யும் கம்பெனியில் வேலை. ஜெர்மனியில் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள், நடுநடுவே சிங்கப்பூரும் வரும். யார் போனாலும் எகானமிதான் என்பது கம்பெனி விதி. தெரிந்தவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "பிசினஸ் கிளாஸ் கிடையாதுன்னா அந்த கார்டால என்ன பிரயோஜனம் சார்?"

தரையில் நிறைய உதவுகிறது. விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகு ஏறக்குறைய ஒன்றும் செய்வதில்லை. நம் ஊர்க்காரர்களுக்குத் தரையில் கழியும் நேரம் ரொம்ப அதிகம் என்பதால் அந்த உதவியை நான் பெரிதாகவே மதிக்கிறேன்.

லாஸ்பேட்டை விமான நிலையத்தின் ஓடுபாதை 1,500 மீட்டர் சுமாருக்குத்தான் இருக்கிறது. 2024 டிசம்பரில் இண்டிகோ பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் ஏடிஆர் என்ற சின்ன விமானம் விட ஆரம்பித்தது நல்ல விஷயம். ஆனால் வெளிநாடு என்றால் இன்னும் மீனம்பாக்கம்தான், ஏறக்குறைய 150 கிலோமீட்டர். ஃபிராங்ஃபர்ட் விமானம் நள்ளிரவு தாண்டித்தான் கிளம்பும். இருந்தாலும் சாயங்காலக் காபி குடித்த கையோடு கிளம்பிவிட வேண்டும். சனி, ஞாயிறில் ஈசிஆரில் மாமல்லபுரத்தை எப்போது தாண்டுவோம் என்று யாராலும் சொல்ல முடியாது. திண்டிவனம் வழியாகப் போனால் முகூர்த்த நாளில் பரனூர் டோல்கேட்டில் நிற்க வேண்டும். கடலூரிலிருந்து வருகிறவர்களுக்கு இதோடு அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம் நெரிசலும் சேரும். அதனால் நாம் எப்போதும் நேரத்துக்கு முன்னாலேயே போய்ச் சேர்கிறவர்கள். செக்-இன் கவுண்டரோ மூன்று, நான்கு மணி நேரத்துக்கு முன்புதான் திறக்கும். பெட்டியைப் போடாமல் உள்ளே போக முடியாது, உள்ளே போகாமல் லவுஞ்ச் என்ற சாப்பாட்டு வசதியுள்ள ஓய்வறையும் கிடையாது. ஆக, சென்னையில் லவுஞ்சை நம்பி யாரும் முன்கூட்டியே கிளம்ப வேண்டாம்.

கவுண்டர் திறந்ததும் கார்டு முதல் வேலையைச் செய்கிறது. ஜெர்மனிக்குப் படிக்கப் போகும் பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு பெரிய பெட்டியோடு வரிசையில் நிற்பார்கள். எடை கூடிவிட்டால் தரையிலேயே பெட்டியைத் திறந்து, இட்லிப் பொடியையும் குக்கரையும் இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்கு அம்மாவும் அப்பாவும் மாற்றிக்கொண்டிருப்பார்கள். பார்க்கவே மனசு கஷ்டப்படும். வரிசை நகரவே நகராது. கோல்டு என்றால் தனிக் கவுண்டர். மூன்று மணி நேரம் காரில் வந்த இடுப்போடு இன்னொரு மணி நேரம் நிற்காமல் தப்புவது பெரிய விஷயம்.

அடுத்தது இமிகிரேஷன். அங்கே இந்த கார்டை யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் அதைவிட நல்லதாக ஒன்று இலவசமாகவே இருக்கிறது. எஃப்டிஐ-டிடிபி என்ற மத்திய அரசின் விரைவு இமிகிரேஷன் திட்டம் 2024 ஜூனில் டெல்லியில் தொடங்கி, 2025 ஜனவரியில் சென்னைக்கும் வந்தது. ஆன்லைனில் விண்ணப்பித்து, கைரேகையும் முகமும் பதிவு செய்துவிட்டால் தானியங்கி கேட் வழியாகப் போய்விடலாம். அதிகபட்சம் ஐந்து வருஷம் செல்லும், பாஸ்போர்ட் அதற்கு முன்பே காலாவதியானால் அதுவரைக்கும். இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்களோடு ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது) உள்ளவர்களும் சேரலாம் என்பது நம் ஊருக்கு முக்கியம். 1962 இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் இங்கே ஏராளம். வருஷா வருஷம் விடுமுறைக்கு வந்துபோகும் அவர்கள் முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

எங்கள் அண்ணியின் குடும்பமும் அப்படிப்பட்டதுதான். அண்ணனும் அண்ணியும் பாரிஸ் புறநகரில் இருக்கிறார்கள். ஜெர்மனி வேலை முடிந்து சனி, ஞாயிறு கிடைத்தால் அங்கே போய்விடுவேன். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே அண்ணியிடமிருந்து போன் வரும்: "தம்பி, வடகம் மறந்துடாதீங்க. அத்தை கிட்ட சொல்லி நெத்திலிக் கருவாடும் வாங்கிட்டு வாங்க." கோல்டு கார்டின் இரண்டாவது பலன் இங்கேதான் வருகிறது. இத்தனை பெட்டி என்று எண்ணிக்கையில் அனுமதிக்கும் விமானங்களில் கூடுதலாக ஒரு பெட்டி, மொத்த எடையில் அனுமதித்தால் கூடுதலாக 20 கிலோ. சாதாரணமாக 23 கிலோ பெட்டி ஒன்றை விமான நிலையத்தில் காசு கொடுத்துச் சேர்த்தால் ஆகும் செலவைப் பார்த்தால் இதன் அருமை தெரியும். ஆனால் பெட்டியே சேராத மலிவு டிக்கெட்டுகளில் இந்தச் சலுகை கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது. டிக்கெட் போடும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டியில் எதை வைக்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் தவறாக நினைக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இந்தியாவிலிருந்து இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுபோகக் கூடாது. வீட்டு நெய்யும் பால்கோவாவும் அதில் அடங்கும். மீனுக்கு அந்தத் தடை இல்லை, சொந்த உபயோகத்துக்கு 20 கிலோ வரைக்கும் கொண்டுபோகலாம். அதனால் கடலூர் துறைமுகத்துக் கருவாடு தாராளமாகப் போகலாம். வாசனை வெளியே வராமல் மூன்று கவர் போட்டு, காற்று எடுத்து ஒட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும், 2019 டிசம்பரிலிருந்து விதி கடுமையாகிவிட்டது. சான்றிதழ் வேண்டாத பழங்கள் ஐந்துதான்: அன்னாசி, வாழை, தேங்காய், பேரீச்சை, டுரியன்.

பெட்டி முதலில் வெளியே வர வேண்டும் என்று அதில் கட்டும் பிரையாரிட்டி சீட்டைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. முதலில் வந்த நாளும் உண்டு, கடைசியில் வந்த நாளும் உண்டு. நள்ளிரவில் சென்னையில் இறங்கி, வெளியே டிரைவர் தம்பி "சார், வந்துட்டீங்களா?" என்று மூன்றாவது தடவை போன் செய்யும்போது பெல்ட்டில் யாரோ ஒருவரின் டிராலிதான் சுற்றிக்கொண்டிருக்கும். இதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

இனி லவுஞ்ச். சென்னையில் இரவு நேரத்தில் கிரெடிட் கார்டு வைத்திருப்பவர்கள் கூட்டம் அதிகம். இட்லி, தயிர் சாதம், ஒரு நாற்காலி, போன் சார்ஜ் போட ஓர் இடம். வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியவனுக்கு அதற்குமேல் அங்கே வேலை இல்லை. இதற்காக ஒரு கார்டைத் துரத்த வேண்டியதே இல்லை.

ஆனால் ஃபிராங்ஃபர்ட் கதை வேறு. ராத்திரி முழுக்க உட்கார்ந்தபடி தூங்கி, காலையில் இறங்கும்போது கால் வீங்கி ஷூ ஏறாது. சட்டைக் காலர் பிசுபிசுக்கும், வாய் கசக்கும். அன்றைக்கு மத்தியானமே வாடிக்கையாளரோடு மீட்டிங் இருக்கும். செனட்டர் லவுஞ்சில் போர்டிங் பாஸைக் காட்டி ஷவர் கேட்டால், பெயரை எழுதிக்கொண்டு முறை வரும்போது கூப்பிடுவார்கள். சின்ன அறைதான். கதவைச் சாத்தியதும் பத்து மணி நேரத்தில் முதல்முறையாகச் சுற்றிலும் சத்தம் அடங்கும். கொதிக்கக் கொதிக்க வெந்நீர், பெரிய வெள்ளைத் துண்டு. கணுக்காலில் சாக்ஸ் பதிந்த தடத்தின் மேல் வெந்நீர் படும்போது உடம்பு திரும்பி வருகிற மாதிரி இருக்கும். சட்டை மாற்றி, சூடான சூப்பும் ரொட்டியும் சாப்பிட்டு வெளியே வந்தால் அடுத்த விமானத்தில் உட்காரத் தெம்பு வந்துவிடுகிறது. கோல்டு கார்டின் உண்மையான மதிப்பு எனக்கு இந்த ஒரு மணி நேரத்தில்தான் இருக்கிறது. லவுஞ்ச் என்பது கிளம்பும் ஊரைவிட நடுவில் இறங்கும் ஊரில்தான் தேவை.

ஒரு விசித்திரமும் உண்டு. என் கணக்கு சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மைல் சேர்க்கும் திட்டமான கிறிஸ்ஃபிளையரில். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் எகானமி டிக்கெட்டோடு போகும் கோல்டு உறுப்பினருக்கு அவர்களே வைத்திருப்பது தனி கோல்டு லவுஞ்ச். பிசினஸ் வகுப்புக்காரர்கள் போகும் சில்வர்கிரிஸ் கிடையாது. அதே கார்டோடு ஃபிராங்ஃபர்ட் போனால், லுஃப்தான்சா தன்னுடைய உயர்நிலை உறுப்பினர்களுக்கு வைத்திருக்கும் செனட்டர் லவுஞ்சுக்கே விடுகிறார்கள். இன்னொன்று: உடன் வருபவர்களில் ஒருவரைத்தான் அழைத்துப் போகலாம். இரண்டு பிள்ளைகளோடு குடும்பமாகப் போகிறவர்களுக்கு இது உதவாது. கோல்டுக்குக் கீழே உள்ள சில்வர் நிலையில் கூட்டணி அளவில் லவுஞ்ச் கிடையாது, வெயிட்டிங் லிஸ்ட்டில் முன்னுரிமை மட்டும்தான்.

விமானத்தில் ஏறியாயிற்று. போர்டிங்கில் முதலில் விடுவதால் தலைக்கு மேல் பெட்டி வைக்க இடம் கிடைக்கும், அதுவரை சரி. அதன் பிறகு நீங்களும் பக்கத்து சீட்டுக்காரரும் ஒன்றுதான். சீட்டுக்கும் சீட்டுக்கும் பொதுவாக 31 அங்குல இடைவெளி. முன்னால் இருப்பவர் சாய்த்தால் முகத்துக்கு நேரே திரை வந்துவிடும். கால் நீட்ட இடமுள்ள வரிசைக்கு, கார்டு கொடுத்த கம்பெனியைத் தவிர மற்ற கம்பெனிகளில் கோல்டுக்கும் பெரும்பாலும் காசுதான். இங்கே கார்டைவிட நமக்கு உதவுவது விமானத்தின் வகை. டிக்கெட் போடும்போதே எந்த விமானம் என்று பாருங்கள். ஏர்பஸ் ஏ350 இல் மூன்று மூன்றாக ஒன்பது பேர், சீட் அகலம் 18 அங்குலத்தை ஒட்டி இருக்கும். போயிங் 777 இல் இப்போது பெரும்பாலும் வரிசைக்குப் பத்துப் பேர், அகலம் 17 அங்குலத்தை ஒட்டித்தான். ஓர் அங்குலம்தானே என்று தோன்றும். ஒன்பதரை மணி நேரம் தோளைக் குறுக்கி உட்கார்ந்தவர்களுக்கு அந்த ஓர் அங்குலம் தெரியும்.

ஏ350, போயிங் 787 இரண்டுக்கும் உடல் பகுதியில் கார்பன் இழை அதிகம். அதனால் உள்ளே காற்றழுத்தத்தைக் கூட்டி வைக்க முடிகிறது. பழைய விமானங்களில் 8,000 அடி மலை உச்சியில் இருப்பது போன்ற அழுத்தம் வரைக்கும் போகும். இவற்றில் 6,000 அடி அளவோடு நிற்கும். உலோகம் போலத் துருப்பிடிக்காது என்பதால் ஈரப்பதத்தையும் கொஞ்சம் கூட்டி வைக்கிறார்கள். இறங்கும்போது தலைவலி குறைவதை நானே உணர்ந்திருக்கிறேன். கால்களையும் அலட்சியம் செய்யக் கூடாது. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007 இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. மொத்தத்தில் அபாயம் குறைவுதான், ஆனாலும் நடைபாதை சீட் எடுத்து இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து நடந்துவிடுவேன். பிசினஸ் வகுப்பில் கிடைக்கும் தூக்கத்தை எந்த கார்டும் எகானமியில் தராது.

கார்டு என்னைக் காப்பாற்றிய ஓர் இரவைச் சொல்ல வேண்டும். ஓர் ஐரோப்பிய நகரத்திலிருந்து கிளம்ப வேண்டிய விமானம் பழுது என்று ரத்தானது. உதவி கவுண்டரின் வரிசை தூணைச் சுற்றி வளைந்து பக்கத்து கேட் வரைக்கும் நின்றது. கைக்குழந்தையோடு நின்ற ஒரு தமிழ்ப் பெண், "அண்ணா, இங்க யாராவது எதாவது சொன்னாங்களா?" என்று கேட்டார். கோல்டுக்கு இருந்த தனிக் கவுண்டரில் எனக்குச் சீக்கிரமே மறுநாள் டிக்கெட் மாற்றிக் கொடுத்தார்கள். அங்கேயே அந்தப் பெண்ணின் நிலையையும் சொன்னேன், கூப்பிட்டு உதவினார்கள்.

ஆனால் அன்றைக்கு ஹோட்டலும் சாப்பாடும் கிடைத்தது கார்டால் இல்லை, சட்டத்தால். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004 ஆம் ஆண்டு 261 ஆம் விதிப்படி, அங்கிருந்து கிளம்பும் எந்த விமானம் ரத்தானாலும் தங்குமிடமும் உணவும் கொடுத்தாக வேண்டும். 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்துக்கு 600 யூரோ வரை இழப்பீடும் கேட்கலாம். புயல் மாதிரி அசாதாரணக் காரணம் இருந்தால் இழப்பீடு இல்லை, சாதாரண இயந்திரக் கோளாறை அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது. நம் ஊர்ப் பயணிகளில் பலர் இதைக் கேட்காமலே வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள், போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீர்கள்.

கார்டை எப்படி வாங்குவது என்று கேட்கிறவர்களுக்குக் கணக்கையே சொல்கிறேன். கிறிஸ்ஃபிளையர் கோல்டுக்குப் பன்னிரண்டு மாதத்தில் 50,000 எலைட் மைல், அதாவது பறந்து சேர்க்கும் தகுதி மைல், வேண்டும். சென்னையிலிருந்து ஃபிராங்ஃபர்ட் ஒரு வழிக்கு ஏறக்குறைய 4,700 மைல். மலிவு டிக்கெட்டில் மைல் பாதியோ அதற்கும் குறைவாகவோதான் ஏறும். பாதி என்றே வைத்தாலும் ஒரு வருஷத்தில் பத்துத் தடவைக்கு மேல் போய்வர வேண்டும். கம்பெனி அனுப்பினால் சரி. சொந்தக் காசில், கார்டுக்காக ஒரு பயணம் கூடுதலாகப் போகாதீர்கள். அந்தப் பணத்துக்கு நல்ல விமானத்தில் நல்ல சீட்டும், டிரான்சிட்டில் காசு கொடுத்து ஒரு ஷவரும் வாங்கிவிடலாம்.

பிள்ளைகளைப் பார்க்கப் போகும் அப்பா அம்மாவுக்கு டிக்கெட் போடுகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. அவர்களுக்கு கார்டு வேண்டியதில்லை. முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும், டிரான்சிட்டில் மூன்று மணி நேரமாவது இருக்கட்டும். முட்டி வலியோடு நீண்ட தூரம் நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலி உதவி கேளுங்கள், 48 மணி நேரத்துக்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள். ஐரோப்பிய விமான நிலையங்களில் அதற்குக் காசு கிடையாது. அவர்களை அழைத்துப் போகும் பணியாளரே இமிகிரேஷன், செக்யூரிட்டி எல்லாம் தாண்டி அடுத்த கேட்டில் கொண்டுபோய் விடுவார். பிள்ளையின் போன் நம்பரையும் முகவரியையும் அந்த ஊர் மொழியில் ஒரு தாளில் எழுதி, பாஸ்போர்ட்டுக்குள் வைத்து அனுப்புங்கள்.